வந்தவை போனவைக்கு

முருங்கையிலை ஆய்வது ஆழ்வாப்பிள்ளையின் வேலை. கல்யாணவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, கோயில் அன்னதானம் என்று ஆயிரம் பேருக்குக் கிடாரத்தில் சமைத்த மனிதருக்குச் சொந்த வீட்டுக் குசினியில் மனைவி கேதீஸ்வரி கொடுத்திருந்த உத்தியோகம் அவ்வளவுதான். முன்னறைக் கதிரையில் இருந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலையை உருவலாம், வெங்காயம் உரிக்கலாம், தேங்காய் உடைக்கலாம். அடுப்புக்கும் அரிசிப் பானைக்கும் கிட்டப் போகக் கூடாது.

காரணம் இல்லாமலில்லை. வீட்டில் இருப்பது இரண்டு சீவன். ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு பேருக்கும் காணும். ஆழ்வாப்பிள்ளையும் ஒரு சுண்டுதான் போடுவார். பிறகு கை தன்பாட்டில் பானைக்குள் போய் இன்னும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வரும். "வந்தவை போனவைக்கு" என்பார். மருதனார்மடச் சந்தியிலிருந்து கால் மைல் உள்ளே, ஒழுங்கையின் கடைசியில் கிடக்கிற அந்த வீட்டுக்கு வரவும் போகவும் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு உதயகலாவின் நாய் மட்டும் நேரம் தவறாமல் வந்து, தின்று, கடைசியில் நடக்கமாட்டாமல் கொழுத்துப்போனது.

"உது கல்யாணவீட்டுக் கை. உந்தக் கையோடை என்ரை குசினிக்கை வராதேங்கோ" என்று ஒரு நாள் கேதீஸ்வரி அரிசி அளக்கிற சுண்டைப் பறித்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அரிசி எவ்வளவு போடுவது என்று அவள் அவரைக் கேட்டதில்லை.

கல்யாணவீடுகளில் அந்தக் கைக்கு நல்ல மரியாதை இருந்தது. பெண் வீட்டுக்காரர் முந்நூறு பேர் என்று சொல்லுவார்கள். ஆழ்வாப்பிள்ளை தலையாட்டிவிட்டு மூன்று கேள்வி கேட்பார். அன்றைக்கு ஊரில் வேறு கல்யாணம் இருக்கிறதா? சகோதரங்களுக்குள் யார் யாரோடு கதைப்பதில்லை? வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து நிற்கிறார்களா? கதைக்காத சகோதரம் ஒன்றுக்கு இருபது பேரைக் கழிப்பார். வெளிநாட்டார் ஒருவருக்குப் பதினைந்து பேரைக் கூட்டுவார். அன்னதானமென்றால் கோயில் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே தொகை சொல்லிவிடுவார். பந்தி முடிந்து இலையை எண்ணிப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்த்த பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் அதற்கு மேலே பத்திலொரு பங்கைப் போடுவார். அதுதான் வந்தவை போனவைக்கு. இந்தப் பகுதிச் சமையற்காரர் எவரும் அதை வெளியில் சொல்வதில்லை, எவரும் செய்யாமல் விடுவதுமில்லை. பந்தியில் கடைசி ஆள் இலைக்கு முன்னால் இருந்துகொண்டு சோற்றுக்கு அண்ணாந்து பார்ப்பதைவிட ஒரு சமையற்காரனுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

எண்பத்தொன்பதில் அந்தக் கையோடுதான் அவர் பாலைவன நாடொன்றுக்குப் போனார். ஒரு சாப்பாட்டுக் கொம்பனியில் குசினி வேலை. போய் இரண்டு வருடம் முடிவதற்குள் அங்கே யுத்தம் வந்தது. கொம்பனி தன் கிடாரங்களையும் ஆழ்வாப்பிள்ளையையும் சேர்த்து இராணுவ முகாமுக்கு வாடகைக்கு விட்டது. ஊரில் சண்டை என்று பயந்து பிள்ளையை வெளியில் அனுப்பிய தாய், அங்கேயும் சண்டை என்று கேள்விப்பட்டு, ஆஞ்சநேயருக்குப் போட்ட வடைமாலையைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஐயரிடம் விசாரித்தாளாம்.

அந்தச் சண்டையில் அவர் ஒரு துவக்கையும் தொடவில்லை. ஆனால் முப்பத்துச்சொச்ச வருடம் கழித்து, போன மாசி மாதம், சண்டை அவரைத் தேடி வந்தது.

"கப்டன் அல்வாவோ கதைக்கிறது?" என்று தொலைபேசியில் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"இஞ்சை கப்டன் ஒருத்தரும் இல்லை, பிள்ளை. ஆழ்வாப்பிள்ளை கதைக்கிறன்."

"அதுதான் அங்கிள். நீங்கள்தான்."

அவள் பெயர் ஜெசிதா. தகப்பன் குருநகர்க்காரர், அவள் பிறந்தது வளர்ந்தது நெதர்லாந்தில். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் யுத்தங்களின் கணக்கை ஆராய்கிறாளாம். எத்தனை பேர் சண்டைக்குப் போனார்கள், எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதையெல்லாம் யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்பது அவளுடைய படிப்பு. பாலைவனத்தில் ஒரு கிணற்றடியில் நடந்த சண்டையில் பிடிபட்ட கைதிகள் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. எல்லாப் புத்தகமும் அடிக்குறிப்பில் ஒரே ஆளைத்தான் காட்டியது: கப்டன் அல்வா. அந்த ஆளைத் தேடிப்போனவள் கடைசியில் கண்டது கைதிகளுக்குப் பாண், அதாவது ரொட்டி, கொடுத்த கணக்குத் துண்டுகளை. சார்ஜன்ட் ஒருவன் வாய்க்குள் நுழையாத பெயரை வெட்டி 'அல்வா' என்று தட்டச்சில் அடித்திருந்தான். கப்டன் பதவியைப் பிறகு யாரோ ஒரு பேராசிரியர் பார்த்துக் கொடுத்திருக்கிறார். துண்டின் அடியில் வெள்ளைக்காரருக்கு விளங்காத கிறுக்கலொன்று இருந்தது. ஜெசிதாவுக்கு அது விளங்கியது. 'ஆழ்வாப்பிள்ளை, மருதனார்மடம்.'

"நான் உங்கை வாறன் அங்கிள். ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தொகை எண்ணினதோ, கண்ணாலை மட்டுக்கட்டினதோ?"

ஆழ்வாப்பிள்ளைக்கு உள்ளங்கை வேர்த்தது.

பாலைவனத்துக் கைதிகளை நினைத்து வேர்க்கவில்லை. அவர்கள் இருந்தால் என்ன, போனால் என்ன. வேர்த்தது அலுமாரிக்குள் இருந்த ஒரு கடதாசியை நினைத்து.

இரண்டாயிரத்தொன்பதில், ஊர்ச் சண்டை முடிகிற நேரம், வன்னியிலிருந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்த நாட்களில், அவர் வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நின்றார். பாதை பூட்டியதால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. கேதீஸ்வரியின் கடைசித் தம்பி கீர்த்திகன் வன்னிக்குள். தாய் இல்லாத பிள்ளையைத் தமக்கைதான் இடுப்பில் வைத்து வளர்த்தவள். "வாற சனத்துக்கை அவன் நிக்கிறானோ எண்டு பாருங்கோ" என்று தொலைபேசியில் நாளுக்கு நாலு தரம் அழுதாள். கடை முதலாளிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பகல் சாப்பாடு கொடுக்கிற வேலை கிடைத்தது. இராணுவம் வழியில் தனியாகப் பிரித்தெடுத்த ஆண்களை அங்கே வைத்திருந்தார்கள். கீர்த்திகன் அந்தப் பள்ளிக்கூடப் படலை வாசலால் உள்ளே போனதைக் கண்டதாக ஒரு மனிசி சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை படலை வரைக்கும்தான் போகலாம். பார்சலைக் கொடுப்பார், துண்டில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குவார், திரும்புவார். எட்டாம் நாள் பள்ளிக்கூடம் வெறுமையாகக் கிடந்தது.

ஊருக்கு வரும்போது மைத்துனனுக்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது ஒரு துண்டு. 'பகல் உணவு, 308 பார்சல்.' பிறகு அங்கே வைத்திருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வெளியே வந்தது. அதில் இருநூற்றெண்பது பெயர். கீர்த்திகனின் பெயர் இல்லை.

கேதீஸ்வரி அப்போது பதினேழு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தாள். பட்டியலையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"இருவத்தெட்டுப் பேர் கூட இருந்திருக்கினம். பேர் போடாத இருவத்தெட்டுப் பேர். நீங்கள் எண்ணித்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவள் அன்றைக்கு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

அந்த ஒரு 'ஓம்' பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை ஆணைக்குழு வந்ததோ அத்தனைக்கும் கேதீஸ்வரி துண்டின் போட்டோக்கொப்பியோடு போனாள். "என்ரை மனிசன் கையாலை சமைச்சுக் குடுத்தது. முந்நூற்றியெட்டுப் பேர். மிச்ச இருவத்தெட்டுப் பேர் எங்கை?" உத்தியோகத்தர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்து ஆழ்வாப்பிள்ளையும் தலையாட்டினார். வீட்டில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டதற்குச் சுண்டைப் பறித்தவள், அரசாங்க முத்திரை குத்திய கடதாசியிலும் அதே பிடி இருக்கலாம் என்று நினைத்தும் பார்க்கவில்லை. அல்லது நினைக்க விரும்பவில்லை. அதை அவர் கிண்டிப் பார்க்கப் போகவில்லை.

ஜெசிதா வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் மனைவியை எங்கேயாவது அனுப்பிவிடப் பார்த்தார்.

"கறிவேப்பிலை முடிஞ்சுதெல்லே. சந்தைக்கு ஒருக்கா..."

"மரம் வளவுக்கை நிக்குது."

"அப்ப ஆஞ்சநேயர் கோயிலுக்கெண்டாலும் போட்டு வாவன்."

"சனிக்கிழமை போறன். என்னப்பா, பெட்டை வாற நேரம் பாத்து என்னைக் கலைக்கிறியள்? கப்டனுக்கு மனிசி இருக்கெண்டு தெரியக்கூடாதோ?"

கேதீஸ்வரி குசினிக்குள் போய்த் துருவலையில் தேங்காயோடு இருந்துகொண்டாள். குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு துணித்திரை மட்டும். ஆழ்வாப்பிள்ளை முருங்கையிலைச் சுளகை மடியில் எடுத்து வைத்தார்.

ஜெசிதா ஓட்டோவில் வந்து இறங்கினாள். நெட்டைப் பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதிரை இருக்க நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, குரல் பதிகிற சின்னப் பெட்டியை முக்காலியில் வைத்தாள். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கர்ர் கர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல்லை, சண்டைக்குப் போன ஆமிக்காரரைச் சொல்லுங்கோ அங்கிள். எத்தினை பேர்?"

"நாலாயிரம் முட்டை."

"முட்டையோ?"

"ஆளுக்கொரு முட்டை, பிள்ளை. பெரிய ஆக்களுக்கு ரண்டு. அதுக்கு அம்பது அறுவதைக் கழிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு நாள் விடிய நாலாயிரத்தையும் அவிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறம், திங்க ஒருத்தரும் வரேல்லை. அப்பதான் சண்டை துவங்கீட்டுதெண்டு எங்களுக்குத் தெரியும்."

"எவ்வளவு நேரம் நடந்தது?"

"முட்டை பழுதாகிறதுக்கு முதல் முடிஞ்சிட்டுது."

ஜெசிதா சிரித்தாள். திரைக்குப் பின்னால் கேதீஸ்வரியும் சிரித்தது கேட்டது. ஆழ்வாப்பிள்ளைக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. கைதிகள் வந்த விதத்தைச் சொன்னார். கையைத் தூக்கிக்கொண்டு நீட்டு வரிசையில் வந்தார்கள். துவக்கு, சப்பாத்து, சிலரிடம் தொப்பிகூட இல்லை. ஆனால் சட்டைப் பையில் எல்லாரிடமும் ஒரு கரண்டி இருந்தது. "எல்லாத்தையும் எறிஞ்சவங்கள் அதை எறியேல்லை. விசயம் தெரிஞ்ச பெடியள்." கம்பியால் இருபத்துநாலு கூண்டு அடித்தார்கள். கூண்டுக்கு நூறு பேர் என்று சார்ஜன்ட் சொன்னான்.

"ஆனால் உங்கடை துண்டிலை கூண்டுக்கு நூற்றிப்பத்துப் பாண் எண்டு கிடக்கு."

துருவலைச் சத்தம் தொடர்ந்தது. ஆழ்வாப்பிள்ளை ஒரு காம்பை எடுத்து ஏற்கெனவே இலை இல்லாத அதை இன்னொரு தரம் உருவினார்.

"செஞ்சிலுவைக்காரரின்ரை பட்டியலிலை ரண்டாயிரத்தி நானூறு பேர்" என்றாள் ஜெசிதா. "உங்கடை பாண் ரண்டாயிரத்தி அறுநூற்றி நாப்பது. நடுவிலை இருநூற்றி நாப்பது பேர் இல்லை. அதைப் பற்றி மூண்டு புத்தகம் வந்திருக்கு அங்கிள். ஒருத்தர் தப்பி ஓடினவை எண்டு எழுதியிருக்கிறார். மற்றவர் சுட்டுப் புதைச்சிட்டினம் எண்டு எழுதியிருக்கிறார். ரண்டு பேரும் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லை."

சகோதரமென்றால் இருபது பேரைக் கழிக்கலாம். பேராசிரியர்களுக்கு எவ்வளவு கழிப்பது என்று ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

"அவையை விடுங்கோ. நான் அந்த நாட்டுக்குப் போனனான்" என்றாள் அவள். "ஆயிரம் குடும்பத்துக்கு மேலை இருக்கினம். ஒவ்வொரு தாயும் தன்ரை பிள்ளை அந்த இருநூற்றி நாப்பதுக்குள்ளை இருக்கிறான் எண்டு சொல்லுறா. ஒரு அம்மா உங்கடை துண்டின்ரை கொப்பியைப் பிரேம் போட்டு வைச்சிருக்கிறா. எண்ணினதெண்டால் எண்ணினதெண்டு சொல்லுங்கோ. மட்டுக்கட்டினதெண்டால் அதையும் சொல்லுங்கோ. எனக்கு ரண்டும் ஒண்டுதான். அவைக்கு இல்லை."

துருவலைச் சத்தம் நின்றுவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை திரையைப் பார்த்தார். கடலுக்கு அப்பால் ஆயிரம் தாய்மார் அவர் கொடுத்த பாணை முப்பது வருடமாக மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயம் சொல்லப் போனால் திரைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவளின் சோறு பறிபோகும். அவர் தன் தொழிலில் ஒரு நாளும் செய்யாத வேலையைச் செய்தார். பந்தியைப் பார்த்துக்கொண்டே தொகையை மாற்றிச் சொன்னார்.

"எண்ணினதுதான், பிள்ளை. ஒவ்வொரு தலையா எண்ணித்தான் குடுத்தனான்."

ஜெசிதா எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். "அப்ப கூண்டுக்குக் கூண்டு சரியாப் பத்துப் பேர் கூட இருந்திருக்கினம். இருவத்திநாலு கூண்டிலையும் ஒரே மாதிரி. கொஞ்சம் புதினமாக் கிடக்கு."

திரை விலகியது. கேதீஸ்வரி தேங்காய்ப்பூ ஒட்டிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உதிலை என்ன பிள்ளை புதினம்? இவர் எண்ணினால் பிழைக்காது. முழு ஊருக்கும் தெரியும். வேணுமெண்டால் போய்ச் சந்தியிலை கேளுங்கோ."

"கேதீஸ், அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி..."

"பொறுங்கோ, தேத்தண்ணி எங்கை ஓடப்போகுது? பாலைவனத்துக்கு ஏன் போகவேணும்? இஞ்சை கிடக்கு அத்தாட்சி."

தடுக்க அவருக்கு ஒரு நிமிடம் இருந்தது. மடியில் சுளகு இருந்தது. எழும்பினால் இலை கொட்டும். அந்த ஒரு நிமிடமும் இலை கொட்டாமல் பார்த்துக்கொள்வதிலேயே போயிற்று. அலுமாரிக் கதவு திறந்து பூட்டியது. பொலித்தீன் உறைக்குள் இருந்த துண்டையும் பெயர்ப்பட்டியலையும் கேதீஸ்வரி ஜெசிதாவின் கையில் கொடுத்தாள். மடிப்பில் கிழிந்து கிழிந்து ஒட்டின துண்டு.

"என்ரை தம்பி, பிள்ளை. கீர்த்திகன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கை வைச்சிருந்தவங்கள். இவர் சாப்பாடு குடுத்தவர். பட்டியலிலை இருநூற்றியெண்பது, இவர் எண்ணினது முந்நூற்றியெட்டு. அவன் அந்த இருவத்தெட்டுக்கை இருக்கிறான். பேரை எழுதாமல் வைச்சுக்கொண்டு எங்கையோ கொண்டுபோயிட்டாங்கள். நீங்கள் படிச்ச பிள்ளை, உதையும் உங்கடை புத்தகத்திலை போடுங்கோ. இவர் கப்டன் எண்டு போட்டாலும் பரவாயில்லை."

ஜெசிதா துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஆழ்வாப்பிள்ளையின் கையெழுத்தில், ஒழுங்காக, ஏழு வரி இருந்தது. ஒன்றாம் வகுப்பறை நாற்பத்திநாலு. இரண்டாம் வகுப்பறை நாற்பத்திநாலு. ஏழாவது வரைக்கும் அப்படித்தான். மற்றக் கையில் பட்டியல். அதிலும் வகுப்பறை வகுப்பறையாகப் பெயர் பிரித்திருந்தது. அவள் விரலை வைத்து எண்ணினாள். படிக்கிற பிள்ளைக்கு ஒரு முடிச்சு அவிழும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் வந்தது. வாயையும் அவளால் பிடிக்க முடியவில்லை.

"நாப்பது நாப்பதா இருக்கு! அங்கிள், இதிலையும் அப்பிடித்தான். அங்கை நூறுக்குப் பத்து. இஞ்சை நாப்பதுக்கு நாலு. ரண்டும் சரியாப் பத்திலை..."

அவ்வளவில் நிறுத்தினாள். கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தபிறகு வெளிச்சமும் போய்விட்டது. முக்காலியில் இருந்த பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதை நிற்பாட்டினாள்.

"சொறி அன்ரி" என்றாள், எதற்கென்று தெரியாமல்.

கேதீஸ்வரி துண்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்தாள். உதயகலாவின் கிழட்டு நாய் வாசற்படியில் வந்து படுத்தது. பகல் சாப்பாட்டு நேரம் அதற்குத் தெரியும். கேதீஸ்வரி அந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உறையை அலுமாரிக்குக் கொண்டுபோகாமல் மேசைமேல், மின்சாரக் கட்டணத் துண்டுகளும் கோயில் நோட்டீசும் கிடந்த இடத்தில் வைத்தாள்.

"பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் போறது" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. "முருங்கையிலை வறை. மரக்கறிதான். சாப்பிடுவியள்தானே?"

"ஓம் அன்ரி."

அவள் குசினிக்குப் போனாள். அரிசிப் பானையின் மூடி எடுபடுகிற சத்தம் கேட்டது. உடனே திரும்பி வந்தாள். கையில் வெறும் சுண்டு.

"இஞ்சருங்கோ" என்றாள். "அரிசி எத்தினை பேருக்குப் போட?"

பத்து வருடத்துக்கு மேலாக அவள் கேட்காத கேள்வி. வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். செருப்பை எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. யார் யாரோடு கதைப்பதில்லை என்று விசாரிக்கவும் தேவையில்லை. ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூன்று என்றால், எண்ணித்தான் கொடுத்தேன் என்ற அந்த 'ஓம்' இன்னொரு தரம். மூன்றோடு ஒரு பிடி என்றால் அந்தப் பிடி யாருக்கு என்று சொல்லவேண்டும். இரண்டு விடையில் எதைச் சொன்னாலும் அது பள்ளிக்கூடப் படலை வரைக்கும் போய் நிற்கும்.

அவர் சுளகைப் பார்த்தார். இலை எல்லாம் உருவி முடிந்திருந்தது.

கேதீஸ்வரி சுண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.